காட்டுப் பட்டாணியா, வீட்டுப் பட்டாணியா?

ஹட்டன் பக்கத்தில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். பட்டாணியை வைத்து மரபியலைக் கண்டறிந்த மெண்டலின் பாடம் தொடங்கினால் போதும், யாராவது தேயிலை மலை ஓரத்திலிருந்து கிலுகிலுப்பைச் செடியைப் பிடுங்கி வந்து, "டீச்சர், காட்டுப் பட்டாணி!" என்பார்கள். பூ அமைப்பு ஒத்துப்போகும், அவ்வளவுதான். பட்டாணியென்றால் இலை நுனியில் சுருண்டு பிடிக்கும் பற்றுக்கம்பி இருக்கும். காம்படியில் சிற்றிலையைவிடப் பெரிய இலையடிச்செதில் தண்டைக் கட்டிக்கொண்டிருக்கும்.

உண்மையான காட்டுப் பட்டாணியின் ஊர் மத்தியதரைக் கடலோரமும் மேற்காசியாவும். விதை வங்கியில் வாங்கலாம். தாவரத் தடைகாப்பு அனுமதி இல்லாமல் தபாலில் வரவழைக்காதீர்கள்.

விதை கையில் இருந்தால், அது காடா வீடா என்று பார்க்க முதலில் தண்ணீரில் போடுங்கள். நுவரெலியா சந்தையில் வாங்கிய காய்ந்த பட்டாணி மறுநாள் காலையில் ஊதியிருக்கும். காட்டு விதையில் பெரும்பாலானவை கல் மாதிரியே கிடக்கும், தோல் தண்ணீரை விடாது. முளைக்க வைக்க, தழும்புக்கு (விதை காயில் ஒட்டியிருந்த இடம்) எதிர்ப்பக்கத்தில் உப்புத்தாளால் லேசாக உரசுங்கள்.

அடுத்தது காய். காட்டு வகையில் காய்ந்த காய் வெடித்து, இரு பாதியும் முறுக்கிக்கொண்டு விதையை எறியும். வீட்டுப் பட்டாணி விதையைப் பிடித்துவைத்திருக்கும். ஆனால் நம் மலையில் இதைச் செடியில் வைத்துப் பார்க்க முடியாது. பனியும் தூறலும் விடாத மாதங்களில் காய் காய்வதே இல்லை, ஈரக் காய் வெடிக்காது. பழுத்ததும் காம்போடு வெட்டி, வலைப்பையில் கட்டி, விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள். பை கட்டாயம், இல்லாவிட்டால் விதையைக் குசினி முழுக்கத் தேட வேண்டும்.

பூ நிறத்தை நம்பாதீர்கள். ஊதாப் பூ காட்டிலும் உண்டு, பயிரிடும் சில வகைகளிலும் உண்டு. வெள்ளைப் பூவும் சுருங்கிய விதையும் பயிர் என்பதற்கு நல்ல அடையாளம். செம்மஞ்சள் சாயல் பூ என்றால் பைசம் புல்வம் என்ற தனிக் காட்டினமாக இருக்கலாம்.

மரபணுப் பக்கம்? மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தத்தை எண்ணிப் பயனில்லை, எல்லாவற்றுக்கும் பதினான்குதான். காட்டு வகையையும் பயிரையும் கலப்புச் செய்து பாருங்கள்: வெடிக்கும் இயல்பு ஆட்சியானது, அதாவது கலப்பில் மற்றதை மறைத்து வெளிப்படும், முதல் தலைமுறைக் காயே வெடிக்கும். விதைத்தோல் மட்டும் தாயின் இழையம். அதனால் பயிர்ச் செடியைத் தாயாக வைத்தால், கலப்பு விதையின் தோல் தாயினுடையதாகவே இருக்கும். கலப்பின் தோலைப் பார்க்க, அந்த விதையை நட்டு வரும் செடியின் விதைவரை காத்திருக்க வேண்டும். பரீட்சையில் பிள்ளைகள் சறுக்கும் இடமும் இதுதான்.