சேனல் எஸ்டிமேஷன்: சராசரி எடுக்கும் இடத்தில் சறுக்காதீர்கள்

எல்டிஈ (4ஜி) ரிசீவருக்குச் சேனல் எஸ்டிமேஷன், அதாவது வழியில் சிக்னலின் வீச்சும் ஃபேஸும் எப்படி மாறின என்று கணிக்கும் நிரல், எழுதும்போது முதல் படி சுலபம். பைலட் என்பது ரிசீவருக்கு முன்பே தெரிந்த சிக்னல்; வந்த பைலட்டை, அனுப்பிய பைலட்டால் வகுத்தால் போதும். இந்த லீஸ்ட் ஸ்கொயர்ஸ் விடையில் இரைச்சல் துளியும் குறையாமல் அப்படியே இருக்கும். சரி, பக்கத்துப் பைலட்டுகளோடு சேர்த்துச் சராசரி எடுத்துவிடலாம் என்று கை போகும். தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கின்றன.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது டைமிங்கில். சிக்னலைச் சப்கேரியர்களாக (சிறு அலைவரிசைகளாக) பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கின் சாளரத்தை, ஒவ்வொரு சிம்பலின் தொடக்கத்திலும் பாதுகாப்புக்காகச் சேர்க்கும் நகலான சைக்ளிக் ப்ரிஃபிக்ஸுக்குள் கொஞ்சம் முன்னதாகவே வைப்பது வழக்கம். அதனால் டேட்டாவுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் 2048 புள்ளி எஃப்எஃப்டியில் 40 சாம்பிள் முன்னால் வைத்தால், ஒவ்வொரு சப்கேரியருக்கும் ஃபேஸ் சுமார் 7 டிகிரி சுழலும். எல்டிஈ-யில் ஒரு சிம்பலுக்குள் பைலட்டுகள் 6 சப்கேரியருக்கு ஒன்று என்பதால், அடுத்தடுத்த பைலட்டுகளுக்கு இடையே 42 டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. இப்படி 5 பைலட்டுகளைச் சராசரி எடுத்துப் பாருங்கள்: எதிரொலியே இல்லாத சேனலிலும் வீச்சு 0.54 மடங்காகச் சுருங்கிவிடும். பிட்டுகளை ஃபேஸில் மட்டும் ஏற்றும் க்யூபிஎஸ்கே-வில் இது கண்ணில் படாது, ஃபேஸ் சரியாக இருந்தாலே பிட் சரியாக வரும். வீச்சிலும் பிட்டுகளை ஏற்றும் 16 க்வாம் வந்ததும் எல்லாம் கலைந்துபோகும். அப்புறம் டீகோடரைச் சந்தேகப்பட்டு நாள்கணக்கில் தேடுவார்கள்!

தீர்வு பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு பைலட் மதிப்பையும் அடுத்ததன் கான்ஜுகேட்டோடு (ஃபேஸின் குறியை மாற்றிய மதிப்போடு) பெருக்கிக் கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகையின் கோணமே சராசரிச் சுழற்சியைச் சொல்லிவிடும். அதை முதலில் கழியுங்கள், பிறகு சராசரி எடுங்கள், கடைசியில் சுழற்சியைத் திரும்பச் சேருங்கள்.

வெவ்வேறு நேரங்களில் வந்த பைலட்டுகளைச் சராசரி எடுத்தாலும் இதே கதைதான். 2 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 120 கிமீ வேகம் என்றால் டாப்ளர், அதாவது வேகத்தால் வரும் அதிர்வெண் மாற்றம், 222 ஹெர்ட்ஸ் வரை போகும். அப்படி வரும் ஒரு பாதை அரை மில்லிசெகண்டில் 40 டிகிரி சுழன்றுவிடும். நிற்கிற ஃபோனுக்கு நன்றாக உதவிய நீண்ட சராசரி, ஓடும் வண்டியில் காலை வாரிவிடும்.

5ஜி-யில் வேறொரு பொறி இருக்கிறது. டீஎம்ஆர்எஸ் எனும் பைலட்டுகளும் டேட்டாவோடு சேர்ந்து ப்ரீகோடிங் (ஆன்டெனாக்களுக்கு ஏற்ற எடைகளால் பெருக்கல்) ஆகித்தான் வருகின்றன. அந்த ப்ரீகோடர் 2 அல்லது 4 ரிசோர்ஸ் பிளாக்குக்கு (ஒவ்வொன்றும் 12 சப்கேரியர்) ஒருமுறை மாறலாம். எல்லை தாண்டிச் சராசரி எடுத்தால், சம்பந்தமே இல்லாத இரண்டு சேனல்களைக் கலக்கிறீர்கள்.

சராசரிப் பிழையை மிகக் குறைக்கும் எம்எம்எஸ்இ வடிகட்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. அந்த வடிகட்டிக்கு டிலே ஸ்ப்ரெட்டையும் (எதிரொலிகள் நேரத்தில் எவ்வளவு பரவியுள்ளன என்பதையும்) இரைச்சல் அளவையும் நாம்தான் சொல்ல வேண்டும். டிலே ஸ்ப்ரெட்டை உள்ளதைவிடக் குறைவாகச் சொன்னால், சிக்னல் எவ்வளவு சுத்தமானாலும் பிழை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது. கூடுதலாகச் சொன்னால் இரைச்சல் சற்றே அதிகம் நுழையும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் கூடுதல் பக்கமே சாயுங்கள்.

சோதனையை ஈபிஏ 5 எனும் எளிய மாதிரிச் சேனலோடு நிறுத்திவிடாதீர்கள். அதில் எதிரொலி 410 நானோசெகண்ட் வரைதான், டாப்ளரோ வெறும் 5 ஹெர்ட்ஸ். ஈடீயூ 300 எனும் கடினமான மாதிரிச் சேனலில் எதிரொலி 5 மைக்ரோசெகண்ட் வரை நீளும், டாப்ளர் 300 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன தவறுகளில் பலவும் இதில் ஓட்டும்போதுதான் வெளியே வரும்.