பெங்களூரில் கலை பார்க்கக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள் (எல்லாம் நானும் செய்தவைதான்)

போன ஜனவரியில் சித்ர சந்தே என்ற ஓவியச் சந்தையை விட்டு வெளியே வரும்போது, சேலத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவனைப் பார்த்தேன். கையில் ஒரு நீர்வண்ண ஓவியம், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு. "நாளைக்கே பிரேம் போட்டுடறேன் அண்ணா, வீட்டுப் பக்கத்துலயே கடை இருக்கு" என்றான். பதினொரு வருஷத்துக்கு முன் நான் சொன்ன அதே பேச்சு. தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள், வண்டியை வீட்டிலேயே விடுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

கண்ணாடியோடு ஒட்டிப் பிரேம் போடுவது

தெரியாதவர்களுக்காக: வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிறு, கர்நாடக சித்ரகலா பரிஷத் இருக்கும் குமார கிருபா சாலையை வண்டிகளுக்கு மூடிவிட, ஓவியர்களே சாலையோரம் உட்கார்ந்து தங்கள் படங்களை விற்பார்கள். அங்கே ஒரு பெரியவரிடம், கே.ஆர். மார்க்கெட்டின் விடிகாலையை வரைந்த நீர்வண்ணப் படம் ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போதைய என் வாடகையில் பாதி. அவ்வளவு கொடுத்தவன் பிரேமுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்த்தேன். தெருமுனைக் கடையில் 400 ரூபாய்க்கு வேலை முடிந்தது: ஹார்ட்போர்டில் பசை தடவித் தாளை ஒட்டி, அதன் மேலேயே கண்ணாடியை அழுத்தி, சுற்றிலும் ஆணி. பளபளவென்று இருந்தது, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

ஜூனில் பிடித்த மழை அக்டோபர் வரை விடவில்லை, நான் மாட்டியிருந்ததோ சாரல் அடிக்கிற சுவர். நவம்பரில் பார்த்தால் படத்திலிருந்த பூக்காரம்மா முகத்தில் பழுப்புப் புள்ளிகள். சரி, கழற்றித் துடைக்கலாம் என்று கண்ணாடியைத் தூக்கினால் சாமந்திக் கூடையின் மஞ்சள் கண்ணாடியோடு வந்துவிட்டது. பசை போட்டிருந்ததால் தாளைப் பலகையிலிருந்து உரிக்கவும் வழியில்லை. அந்தக் கூடையை இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தாள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ராத்திரி குளிரில் கண்ணாடியின் உள்பக்கமும் ஈரம் படியும். இரண்டும் தொட்டுக்கொண்டே இருந்தால் காய்வதற்கு இடமில்லை, பூஞ்சைக்குக் கல்யாண விருந்துதான். அதனால் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் போர்டு (இடைவெளி விடும் தடித்த அட்டைச் சட்டம்) வேண்டும், அதுவும் அமிலமில்லாதது, சாதா அட்டை சில வருஷத்தில் தாளைப் பழுப்பாக்கிவிடும். தாள் முழுக்கப் பசை கூடாது, மேல் ஓரத்தில் இரண்டு மெல்லிய தாள் பட்டைகளால் தொங்கவிட்டால் போதும். செலோ டேப் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் மூலைகளில் சின்ன ரப்பர் துண்டு வைத்தால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போய்வரும். "எதுக்கு சார் இவ்ளோ?" என்று கேட்டால் வாதாடாமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

கான்வாஸில் எண்ணெய் வண்ணமோ அக்ரிலிக்கோ என்றால் பொதுவாகக் கண்ணாடியே தேவையில்லை. அதைச் சுருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கச் சுருட்டுங்கள். உள்ளே வைத்தால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழும். நீர்வண்ணத்தைச் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாகக் கொண்டு போவதே மேல். தம்பியிடம் அங்கேயே ஓர் அட்டை வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

ரங்க சங்கராவுக்குத் தாமதமாகப் போவது

இந்த நாடக அரங்கில் 7.30 என்றால் 7.30. கதவை மூடினால் மூடியதுதான்.

திங்கட்கிழமை மாணிக்கவேலு மாளிகை

அங்கே இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு அன்று விடுமுறை.

"பாஷை தெரியாதே"

நம்மவர்கள் பலர், ராமநவமி சமயத்தில் சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் கச்சேரி கேட்பதோடு சரி. 1939இல் தொடங்கிய விழா, நானும் தவறாமல் போகிறவன்தான். ஆனால் கன்னட நாடகம், கரகம் என்றால் உடனே பாஷை குறுக்கே வந்துவிடும். சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயசாமி கோயிலிலிருந்து கரகம் எடுத்து வருகிற திகளர்கள் தமிழ் வேர் உள்ளவர்கள். கரகமோ திரௌபதிக்கு. இதில் நமக்கு எது அந்நியம்?

முதல் வருஷம் நான் சாயங்காலம் ஏழு மணிக்கே போய் நின்று, பத்து வரை ஒன்றும் காணோமே என்று திரும்பிப் படுத்துவிட்டேன். கரகம் கோயிலை விட்டு வெளியே வருவதே நள்ளிரவு தாண்டித்தான், அப்புறம் வழியில் மஸ்தான் சாகிப் தர்காவிலும் நின்றுவிட்டுப் போகும். மறுவருஷம் பகலில் தூங்கிவிட்டுப் போனேன். அப்படியும் பன்னிரண்டு மணிக்குக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றவனை, ஒரு வீட்டுப் படியில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பாட்டி கூப்பிட்டு, பாதி கன்னடம் பாதி தமிழில் சொன்னார்: "அவ வர்றப்ப வருவா. நீ உக்காந்து இந்த நாரைப் பிடி."