பிளேஃபோர்டின் 26 ஆண்டுகளைப் படிக்க ஒரு வழி

தாமஸ் பிளேஃபோர்ட் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் முதல்வராக இருந்தது 1938 நவம்பரிலிருந்து 1965 மார்ச் வரை. 26 ஆண்டுகள்! நார்ட்டன் சம்மிட் மலையில் செர்ரி விளைவித்தவரை ஜனங்கள் கொண்டாடியிருக்கிறார்கள் என்று நினைத்து, பள்ளிக் கட்டுரைக்காக என் மகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்துவிட்டேன். கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: "ஓட்டு எவ்வளவு?"

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது, வருடக் கணக்கை அப்புறம் பாருங்கள், முதலில் கட்டம் போடுங்கள் என்பதுதான். கணக்கு நோட்டில் 39 கட்டம். கீழ்ச்சபையில் அன்று இருந்த இடங்கள் அவ்வளவுதான். 13 கட்டத்துக்கு வண்ணம் தீட்டுங்கள், அது தலைநகர் அடிலெய்டு. மிச்சம் 26 கட்டமும் நாட்டுப்புறம். பாதிக்கு மேல் ஜனம் இருந்தது அந்த 13-க்குள்! அத்தனையையும் எதிர்க்கட்சியான தொழிற்கட்சிக்கே கொடுத்துப் பாருங்கள். ஆட்சிக்கு வேண்டிய 20-க்கு இன்னும் 7 குறையும்.

இந்த ஏற்பாட்டுக்கு, பிளேஃபோர்டின் பெயரை ஒட்டியே, 'பிளேமாண்டர்' என்று பெயர். ஆனால் பழி முழுவதையும் இவர் தலையில் போடாதீர்கள். 1936-இல் இவருக்கு முந்தைய முதல்வர் பட்லரின் ஆட்சியில் வந்தது அது. இவர் மாற்றாமல் விட்டார், அவ்வளவுதான். (அவ்வளவுதானா என்பது வேறு விஷயம்.)

அடுத்து 1962 தேர்தலை எடுங்கள். தொழிற்கட்சிக்கு 19, பிளேஃபோர்டின் கட்சிக்கு 18, சுயேச்சைகள் 2 பேர். ஓட்டில் தொழிற்கட்சி தெளிவாக முந்தியது. சுயேச்சைகள் இருவரும் இவர் பக்கம் சாய, முதல்வர் நாற்காலி அசையவில்லை.

சரி, கட்டத்தை மட்டும் பார்த்தால் ஆள் பிடிபட மாட்டார். மின்சாரத்துக்கு வாருங்கள். பழமைவாதக் கட்சிக்காரர், தனியார் மின் நிறுவனத்தை அரசுடைமையாக்கினார்! மேல்சபையில் சொந்தக் கட்சிக்காரர்களே முதலில் மறித்தார்கள். 1946-இல் தொழிற்கட்சியின் ஆதரவோடுதான் நிறைவேறியது. லீ கிரீக் நிலக்கரியை எரித்து மாநிலத்துக்கு மின்சாரம் தருவது அவர் கனவு. மாநில அரசின் வீட்டுவசதி அமைப்பான ஹவுசிங் டிரஸ்ட் மலிவு வாடகைக்கு வீடு கட்டியது, அதைக் காட்டித் தொழிற்சாலைகளை அழைத்தார். 1955-இல் எலிசபெத் நகரம் இப்படித்தான் எழுந்தது, ஹோல்டன் கார் ஆலையும் அங்கே வந்தது.

1959-க்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ரூபர்ட் மேக்ஸ் ஸ்டூவர்ட் என்ற பழங்குடி மனிதருக்கு மரண தண்டனை. பத்திரிகைகள் கொதித்ததும் பிளேஃபோர்ட் விசாரணை ஆணையம் போட்டார். அதில் உட்கார்ந்த மூவரில் ஒருவர் அதே வழக்கை விசாரித்தவர், இன்னொருவர் மேல்முறையீட்டில் இருந்தவர். தண்டனை ஆயுளாகக் குறைந்தது, ஆனால் பிளேஃபோர்டின் பெயரில் ஒட்டிய கறை போகவில்லை.

1965-இல் தொழிற்கட்சி 21 கட்டம் பிடித்தது, ஆட்சி முடிந்தது. அதே நோட்டில் அதையும் தீட்டிப் பாருங்கள்.

என் மகளின் இரண்டாவது கட்டுரை கட்டங்களோடு தொடங்கியது. செர்ரித் தோட்டம் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது.