ட்ரவலர் ஆட்டத்துக்கு ஒரு பாத்திரம்: பிறக்குமுன் சாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் 1977இல் வெளியிட்ட ட்ரவலர், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விண்வெளிக் கதை விளையாட்டு. அதன் மூல விதிகளின்படி, ஆட்டம் தொடங்குமுன், உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே பாத்திரம் இறந்துபோகலாம். உப்புவெளியில் மின்வெட்டான ஓர் இரவில், மெழுகுதிரி வெளிச்சத்தில், நான் மூவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தேன். மூன்றாமவர் இறந்தது என் கவனக்குறைவால்.

சதுரக் கோட்டுக் கொப்பி, பென்சில், அழிறப்பர், லூடோ பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தாயக்கட்டைகள் ஆகியவை போதும். பொத்தானை அழுத்தியதும் முழுப் பாத்திரத்தையும் கொட்டித் தரும் இணையக் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வோர் உருட்டலுக்கும் இடையில் மனம் கட்டும் கதை அவற்றில் கிடைப்பதில்லை. சீமெந்துத் தரையில் உருட்டினால் கட்டை அலுமாரிக்கு அடியில் போய்விடும் என்பதால், ஒரு துவாயை விரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரு கட்டைகளையும் ஆறு முறை உருட்டி, வலிமை, லாவகம், தாங்குதிறன், அறிவுக்கூர்மை, கல்வி, சமூகநிலை என்ற ஆறு திறன்களின் வரிசையிலேயே கூட்டுத்தொகைகளை எழுதுங்கள். பிடித்த எண்ணைப் பிடித்த இடத்துக்கு மாற்றக் கூடாது. ஒவ்வொரு திறனையும் ஒரே எழுத்தால் எழுத வேண்டும் என்பதால் 10ஐ ஏ என்றும், 11ஐ பி என்றும், 12ஐ சி என்றும் குறிப்பார்கள். ஆறையும் சேர்த்து எழுதினால், என் மூன்றாமவர் 7698ஏ5.

பதினெட்டு வயதில் அவர் ஒரு சேவையில் சேர வேண்டும். அறிவுக்கூர்மை 8 உள்ளவருக்குக் கடற்படை பாதுகாப்பானது. ஆனால் விண்வெளியை ஆராயும் சாரணர் சேவையை விட்டு வெளியேறுகையில் ஒரு சிறு விண்கலம் கிடைக்க வாய்ப்புண்டு என்பதால், நான் ஆசைப்பட்டு அதையே தேர்ந்தேன். சேர்வதற்கு 7 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அது விழுந்தது.

நான் இடறியது அடுத்த படியில். ஒவ்வொரு சேவைக்காலமும் நான்கு ஆண்டுகள். ஒவ்வொன்றிலும் உயிர்பிழைப்பு உருட்டல் உண்டு. சாரணருக்கு அதற்கும் 7 வேண்டும். எனக்கு விழுந்தது 6. அவர் கதை முடிந்தது என்று குறுக்குக் கோடு போட்டுவிட்டேன். மறுநாள், உயர்தரத்தில் கணிதம் படிக்கும் என் மருமகன் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, மூன்றாவது எண் ஒன்பதாச்சே?" என்றான். தாங்குதிறன் 9 அல்லது அதற்கு மேல் உள்ள சாரணர், இந்த உருட்டலில் 2 கூட்டிக்கொள்ளலாம் என்று அட்டவணையின் கீழ்வரியில் இருந்தது. 6உடன் 2 சேர்ந்தால் 8. மனிதர் உயிரோடு இருந்தார். சாதாரணச் சாரணர் இரு கட்டைகளின் 36 சேர்க்கைகளில் 21இல் பிழைக்கிறார் என்றால், இவர் 30இல் பிழைக்கிறார். ஆகவே சேவையைத் தேர்ந்தவுடனேயே, உங்கள் பாத்திரத்துக்குப் பொருந்தும் கூட்டல்களைப் பக்கத்தின் தலையில் பெரிதாக எழுதி வையுங்கள். கட்டையை அதன்பின் தொடுங்கள்.

பிழைத்தவருக்குத் திறமைகள் கிடைக்கும். கலம் ஓட்டும் திறமை சாரணருக்குத் தானாகவே வரும். அதற்கு மேல் ஒவ்வொரு காலத்திலும் இரண்டு உருட்டல்கள். திறமை அட்டவணைகள் நான்கில் கடைசியானது கல்வி 8 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டுமே. நான்காம் காலத்தின் முடிவில், 34 வயதில், முதுமை உருட்டல்கள் தொடங்கித் திறன்கள் குறையக்கூடும்; முதல் பாத்திரத்தை அதற்கு முன்பே வெளியே எடுத்துவிடுவது என் வழக்கம். வெளியேறும்போது காலத்துக்கு ஓர் உருட்டல் வீதம் பணமோ பொருளோ கிடைக்கும். பண அட்டவணையில் மூன்று முறைக்கு மேல் உருட்ட முடியாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த கிண்ணியா வாசகர் ஒருவர், சேரும் உருட்டலே தவறினால் என்ன செய்வது என்று கேட்டார். அப்போது ஒற்றைக் கட்டையை உருட்டுங்கள். 1 கடற்படை, 2 விண்கலப் போர்வீரர், 3 தரைப்படை, 4 சாரணர், 5 வணிகக் கப்பல், 6 மற்றவை என்று கட்டாய ஆட்சேர்ப்பு நடக்கும். சாவே வேண்டாம் என்போருக்கு 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு மாற்று விதி உண்டு: உருட்டல் தவறியவர் காயப்பட்டு, அந்தக் காலத்தில் இரண்டு ஆண்டுகள் மட்டும் பணியாற்றியவராகச் சேவையை விட்டு வெளியேறுவார். என் மருமகன் அதையே விரும்புகிறான். நான் இன்னும் பழைய விதியில்தான் ஆடுகிறேன்.