ஆதிப் பூமிக்குக் கோட்பாடு வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமியின் முதல் மேலோடு எப்படி உருவானது என்று சொந்தமாகக் கோட்பாடு வகுப்பவர்களில் பலர் முதல் வரியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். மேலோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் உருகிய குழம்பு என்று வைத்துக்கொள்வதுதான் அந்தச் சறுக்கல். மேலோட்டுக்கும் மையக்கருவுக்கும் இடையிலுள்ள கவசம் திடப் பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்தில் பரவாது. ஆனால் கவசத்தின் அடிவரை, சுமார் 2,890 கி.மீ. ஆழத்துக்கு, அவை தடையின்றிச் செல்கின்றன. திடமாக இருந்துகொண்டே அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. மேலெழும் பாறையின் மேல் அழுத்தம் குறையும் இடத்திலோ, நீர் சேர்ந்து உருகுநிலை இறங்கும் இடத்திலோதான் அதில் சிறு பங்கு உருகுகிறது.

தொடக்கக் காலக் குழம்புக் கடலின் மேல் பனிக்கட்டி போல மேலோடு மிதந்தது என்பது அடுத்த தவறு. உறைந்தபின் லேசாவது நீரின் தனிக்குணம்; பசால்ட் என்ற கரும் எரிமலைப் பாறை உறைந்தால் தன் குழம்பைவிடக் கனமாகிறது. நிலாவில் பிளாஜியோகிளேஸ் என்ற லேசான கனிமத்தின் படிகங்கள் மிதந்து மேலோடானது உண்மைதான். ஆனால் பூமியில் ஆழத்தோடு அழுத்தம் வேகமாக ஏறுவதால் அந்தக் கனிமம் நிலைக்கும் ஆழம் மிகக் குறைவு. கண்டப் பாறையும் கவசத்திலிருந்து நேரடியாகக் கிடைத்துவிடாது. கவசம் பகுதியளவு உருகினால் பசால்ட் வரும். நீர் ஏறிய பசால்ட் மறுபடி உருகினால்தான் டோனலைட் போன்ற சிலிகா மிகுந்த பாறை வரும். இந்த இரண்டாம் உருகலுக்கு உங்கள் கோட்பாட்டில் இடம் இருக்கிறதா?

சிர்கான் என்ற கடினமான கனிமத் துகள் தரும் வயதுச் சான்றைக் கையாளும்போது கூடுதல் கவனம் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டுப் பழமையான சிர்கான் கிடைத்ததால், அங்குள்ள பாறைக்கும் அதே வயது என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் துகள்கள் எங்கோ அரிக்கப்பட்டு வந்து, சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த கூழாங்கல் பாறையில் சிக்கியவை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் அளவு. அதற்குள்ளேயே நடுக்கரு பழையதாகவும் விளிம்பு பிற்காலத்தில் வளர்ந்ததாகவும் இருக்கலாம். அதனால் வயதைப் பார்க்குமுன் அது துகளின் எந்தப் புள்ளியில் அளந்தது என்று பாருங்கள். சிர்கானில் உள்ள யுரேனியம்-238, யுரேனியம்-235 இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைந்து ஈயமாவதால் தனித்தனிக் கடிகாரங்கள். இரண்டும் வெவ்வேறு வயது காட்டினால், பெரும்பாலும் காரணம் ஈயம் கசிந்திருப்பதே. அந்த எண்ணை அப்படியே எடுத்தாளக் கூடாது.

வெப்பக் கணக்கு போடாத கோட்பாடு நிற்காது. வெறும் கடத்தலால் ஒரு பாறைப்படுகை குளிர ஆகும் காலம் தெரிய, தடிமனின் வர்க்கத்தை வெப்பப் பரவல் எண்ணால் வகுக்க வேண்டும்; பாறைக்கு அது நொடிக்குச் சுமார் 0.000001 சதுர மீட்டர். 100 கி.மீ.க்கு ஏறக்குறைய 30 கோடி ஆண்டு வரும். கவசம் முழுவதற்கும் 26,000 கோடி ஆண்டுக்கு மேல் வரும். பூமியின் வயதோ 454 கோடிதான். கவசத்தைக் குளிர்விப்பது வெப்பச்சலனம், அதாவது பாறையே மெல்ல நகர்ந்து வெப்பத்தைச் சுமப்பது என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடும். 1862இல் கடத்தலை மட்டும் வைத்துப் பூமிக்கு 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு வரை வயது சொன்ன இயற்பியலாளர் கெல்வின் தவறியதும் இங்கேதான். கதிரியக்கத்தை அவர் அறியாததே காரணம் என்பார்கள். அதைச் சேர்த்தாலும் அவர் விடை பெரிதாக மாறாது. உள்ளே வெப்பம் இன்னும் எளிதாகக் கடக்கலாம் என்று 1895இல் பொறியாளர் ஜான் பெர்ரி சுட்டிக்காட்டியதுதான் சரியான திருத்தம்.

கதிரியக்க வெப்பத்தையும் இன்றைய அளவிலேயே போட்டுவிடாதீர்கள். 450 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியம்-238 இன்றைப்போல இரு மடங்கு இருந்தது, பொட்டாசியம்-40 சுமார் 12 மடங்கு, யுரேனியம்-235 எண்பது மடங்குக்கும் மேல்.