கோத்தர் பானையில் பளபளப்பைத் தேடாதீர்கள்

நீலகிரிக்கு வந்து மண்பாண்டம் வாங்குவோர் செய்யும் முதல் தவறு, மெருகு பூசிய பீங்கானை மனத்தில் வைத்துக்கொண்டு அங்குள்ள பழங்குடியினரான கோத்தரின் பானையை மதிப்பிடுவதாகும். கோத்தர் பாண்டத்துக்குக் கண்ணாடி மெருகு கிடையாது. ஆண்கள் கொல்லுலையையும் தச்சையும் இசையையும் கவனிக்க, பெண்கள் வனைந்த இந்தப் பானைகள் ஒரு காலத்தில் ஏழு கோத்தர் ஊர்களிலிருந்து தோடர், படகர், குறும்பர் வீடுகளுக்குப் பண்டமாற்றாகச் சென்றன. அந்த உறவு தளர்ந்து, அலுமினியமும் எவர்சில்வரும் அடுப்படியைப் பிடித்தபின், வனையும் கைகள் குறைந்துவிட்டன.

அழகுக்காகப் பானைக்கு எனாமல் வண்ணம் அடிப்பது அடுத்த தவறு. உதகைக் கடை ஒன்றில் அப்படி ஒன்றை வாங்கி அடுப்பில் ஏற்றினேன்; வண்ணம் கருகிய நாற்றத்தில் அன்றைய சமையலையே கொட்ட வேண்டியதாயிற்று. வண்ணம் அடித்தது அலங்காரத்துக்கு மட்டுமே. மெருகு பூசிய பாண்டம்தான் வேண்டுமென்றால், ஈயம் கலவாத மெருகா என்று கேட்டு வாங்குங்கள். ஈய மெருகு சரியாகச் சுடப்படாதபோது புளிக்குழம்பு, ஊறுகாய், மோர் ஆகியவற்றின் புளிப்பு அந்த ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும்.

மெருகில்லாத மண்ணுக்கு நுண்துளைகள் உண்டு என்பதை மறப்பதால் வரும் சேதமே அதிகம். சோப்பைத் துளைகள் உறிஞ்சிக்கொள்வதால் சாம்பலும் தேங்காய் நாரும் போதும். புதுப் பானையை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, அரிசிக் கஞ்சியை மெல்லிய தீயில் காய்ச்சிப் பழக்காமல், நேரே பெருந்தீயில் வைத்தால் விரிசல் விடும். மார்கழி, தை மாதங்களில் உதகையில் உறைபனி கொட்டும் இரவுகளில் நனைந்த பானையை முற்றத்தில் விட்டுவைத்தால், துளைகளில் உள்ள நீர் பனிக்கட்டியாகி விரிந்து, காலையில் சில்லுகள் உதிர்ந்து கிடக்கும். கூரை ஓட்டுக்கும் இதே கதிதான்.

பயணத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்துவதும் தவறு. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும்போது வனைந்த பானை எளிதில் உலராது. உள்ளே ஈரம் இருக்கச் சுட்டால், அது நீராவியாகிப் பானையை வெடிக்கச் செய்துவிடும், அன்று கூடச் சுட்ட மற்றவற்றையும் உடைக்கும். கோடைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.