குழந்தை வரையும் கேன்வாஸ் பரிசுக்கு எந்தப் பெயிண்ட் வாங்கலாம்?

என் மகளுக்கு மூன்று வயது. எது கையில் கிடைத்தாலும் முதலில் வாய்க்குத்தான் போகும். அதனால் பெயிண்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கும் முன்பே டப்பாவைத் திருப்பி லேபிளைப் படித்துவிடுவேன். அமெரிக்கக் கலைப்பொருள் அமைப்பு ஒன்று தரும் 'ஏபி' (AP) முத்திரை இருந்தால் நச்சில்லை என்று மதிப்பிட்டது, எடுக்கலாம். அதே அமைப்பின் 'சிஎல்' (CL) என்றால் எச்சரிக்கை, வைத்துவிடுங்கள். 'ஏஎஸ்டிஎம் டி-4236' (ASTM D-4236) என்ற அமெரிக்க லேபிள் தரம் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். ஆபத்து இருந்தால் லேபிளில் சொல்லியிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். மீதி வரிகளையும் படித்தே ஆக வேண்டும்.

விரலால் பூசும் வயதுக்கு ஃபிங்கர் பெயிண்ட் போதும். அதற்கென்றே 'இஎன் 71-7' (EN 71-7) என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது. பள்ளிகளில் பயன்படுத்தும், தண்ணீரில் கழுவினால் போகும் டெம்பரா பெயிண்டும் நல்லதுதான், ஆனால் கேன்வாஸில் அப்பிப் பூசினால் காய்ந்ததும் வெடித்து உதிரும். தாத்தா பாட்டி வருடக்கணக்கில் சுவரில் மாட்டி வைக்கப்போகும் படமா? வாயில் வைக்கும் பழக்கம் போன பிள்ளைக்கு, 'ஏபி' முத்திரையுள்ள மாணவர் தர அக்ரிலிக் கொடுங்கள். காய்ந்தால் துணியில் போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள். ஓவியர் தர ட்யூபில் காட்மியம், கோபால்ட் என்ற நச்சு உலோகப் பெயர்கள் கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம். சுவர் பெயிண்ட், ஸ்ப்ரே, டர்பன்டைன் கேட்கும் ஆயில் பெயிண்ட் எதுவும் குழந்தைக்கு ஆகாது. வார்னிஷ் பூசுவதானால் பிள்ளை தூங்கியபின், ஜன்னலைத் திறந்துவைத்து, வேறு அறையில் நீங்களே பூசுங்கள்.